வில்லர்ட் ஹெவர்லியின் சட்டைவால்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இருபத்தாறாம் தேதி, திங்கட்கிழமை, இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, ஓநாயோடை வேட்டைக் குடிலில், வில்லர்ட் ஹெவர்லி உடுத்தியிருந்த கம்பளிச் சட்டையின் பின்பக்கம் கீழே தொங்கும் வால், அவர் எழுப்பிய ஆட்சேபத்தை ஒருவரும் காதில் வாங்காத நிலையில், கோழி வெட்டும் கத்திரியால் கத்தரிக்கப்பட்டது. கத்தரித்தது அநியாயம். கோணலாகக் கத்தரித்தது அதைவிடப் பெரிய அநியாயம்.

மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டைவாலை வெட்டிச் சுவரில் அறைவது பென்சில்வேனியாவின் வடக்கு மலைகளில் யாரும் எழுதிவைக்காத, ஆனால் யாரும் மீறாத சட்டம். காற்று வீசியது, கண்ணில் தூசு விழுந்தது என்பன போன்ற சமாதானங்களுக்கு அங்கே இடமில்லை. ஓநாயோடைக் குடிலின் வடக்குச் சுவர் முழுவதும் அப்படிப்பட்ட வால்கள் தொங்கின. குடிலுக்குத் தலைவரான கிழவர் மெர்ல் ஸ்டோவருடையவை மட்டும் மூன்று. லுத்தரன் தேவாலயத்துப் பாதிரியாருடையது ஒன்று. அவர் அதன் கீழே ஒரு ஜெப வாசகமும் எழுதிவைத்திருந்தார். இருபத்தேழு ஆண்டுகளாக அந்தக் குடிலுக்கு வந்துபோகும் வில்லர்டின் வால் மட்டும் அங்கே இல்லை. இதை அவர் தம் வாயால் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் ஒவ்வோராண்டும் குடிலுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, அந்தச் சுவரின் முன் நின்று ஒவ்வொரு வாலாகப் பார்வையிடுவார். முப்பதாண்டுகள் இறுதிச்சடங்கு நிலையம் நடத்தி ஓய்வுபெற்றவர் அவர். முகத்தில் ஒன்றும் காட்டாமல் வரிசையைப் பார்வையிடுவது தொழிலோடு வந்த பழக்கம்.

அவருடைய மனைவி ரோடா இந்தப் பெருமையை வேறு விதமாகக் கணக்கிட்டாள்.

"சுட்டாத்தானே வில்லர்ட் தப்பவிடறதுக்கு? நீ காட்டுல உக்காந்து துப்பாக்கியத் துடைச்சு முடிக்கறதுக்குள்ள அந்த மான் பேரன் பேத்தி எடுத்துடும்."

இது மிகைப்படுத்தப்பட்ட கூற்று. ஆனால் முழுவதும் பொய் என்றும் சொல்ல முடியாது.

வில்லர்டின் வீட்டு நிலவறையில் ஒரு பட்டறை மேசை இருந்தது. மேப்பிள் மரப்பலகை, அதன் ஓரத்தில், பிடிக்கும் தாடைகளுக்குத் தோல் தைத்த வைஸ் என்னும் இறுக்குபிடி. மேலே சுவரில் ஒரு பலகையும், அதில் ஒவ்வொரு கருவிக்கும் வெள்ளைச் சாயத்தால் வரைந்த உருவமும். சுத்தியை எடுத்தால் அங்கே சுத்தியின் வடிவம் வெறுமையாக நிற்கும். எது இடத்தில் இல்லை என்பது படியிறங்கி வருபவரின் கண்ணில் உடனே படும். பித்தளைச் சுத்தி, ஊசியாணிகளைத் தட்டி வெளியேற்றும் தட்டுளிகள், குழல் துடைக்கும் கம்பிகள், குழலுக்குள் வெளிச்சம் காட்டும் சிறு விளக்கு, இவை ஒரு பக்கம். மறுபக்கம் திருப்புளிகள். கடையில் வாங்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும். துப்பாக்கித் திருகின் பள்ளத்தில் அது முழுதாகப் படியாமல் வழுக்கி, பள்ளத்தின் விளிம்பைத் தின்றுவிடும். வில்லர்டின் திருப்புளிகளோ இரு பக்கமும் இணையாகத் தீட்டப்பட்டவை. எந்தப் பள்ளத்துக்கு எது என்பது பிடியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. அவற்றின் நடுவில், பட்டத்து யானை போல, இறுக்கம் வேண்டிய அளவை எட்டியதும் 'க்ளிக்' என்று சொடுக்கிச் சொல்லும் அளவுத் திருப்புளி.

மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன்பு ஊரார் தங்கள் துப்பாக்கிகளை அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் துடைத்து, எண்ணெயிட்டு, தளர்ந்ததை இறுக்கித் தருவார். அவர்கள் பதிலுக்கு ஒரு பழப்பணியாரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். உயிரோடிருக்கும்போது துப்பாக்கியையும் அதன்பிறகு தங்களையும் வில்லர்டிடம் ஒப்படைப்பது அவ்வூர் வழக்கம். இரண்டாவது வேலையைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

நிற்க. முறையீட்டுக்குரிய நிகழ்ச்சிகள் இவை.

பல ஆண்டுகளுக்கு முன்பு, இறந்துபோன ஒரு மருத்துவரின் வீட்டுக்குச் சடலத்தைப் பெறச் சென்ற வில்லர்ட், அங்கே கண்ணாடிப் பேழையில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கண்டார். அதன் திருகுகள் எல்லாவற்றின் பள்ளங்களும், ஒன்றுகூட விலகாமல், குழல் போகும் திசையிலேயே நேர்கோடாகப் படுத்திருந்தன. சிறந்த துப்பாக்கிகளைச் செய்பவர்கள், திருகு முழுவதும் இறுகும் இடமும் பள்ளம் நேராகும் இடமும் ஒன்றாகவே அமையும்படி, திருகின் தலையடியை மயிரிழை மயிரிழையாக அராவிச் சேர்ப்பார்கள். வில்லர்டுக்கு அந்த நேர்கோடு மனத்தில் பதிந்தது, அராவுவது பதியவில்லை. அன்றுமுதல் அவர் மூடிய சவப்பெட்டிகளின் திருகுகள்கூடத் தலைமாட்டைப் பார்த்தே நின்றன.

2018 அக்டோபரில் அவர் தமது ரைஃபிளின் மேல் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பொருத்தினார். ஆறு திருகுகள், ஒவ்வொன்றையும் 'க்ளிக்' கேட்கும்வரை இறுக்கினார். சரளைக்குழிக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார். மூன்று குண்டுகளும் ஒரு காப்பிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. குழலைத் துடைத்து எண்ணெயிட்டு அலமாரியில் வைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம்.

நன்றியறிதல் விருந்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, மிஞ்சிய வான்கோழியை ரொட்டிக்கிடையில் வைத்துத் தின்றபடியே, விளக்கின் கீழ் கடைசிப் பார்வை பார்த்தார். திருகுகள் இறுகியிருந்தன, ஆனால் ஆறும் ஆறு திசையைப் பார்த்தன. சவப்பெட்டி தூக்க வந்த ஆறு பேர் ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்த்து நிற்பதைப் போல அது அவரை உறுத்தியது. உரிய திருப்புளியை எடுத்து, ஒவ்வொன்றையும் குழலின் திசைக்கு நேராக்கினார். முன்னே போக இணங்கியவற்றை முன்னேயும், இணங்காதவற்றைப் பின்னேயும் திருப்புவது என்பது அவருடைய கொள்கை. ஒன்றுகூட முன்னே போக இணங்கவில்லை.

மறுபடி சுட்டுப் பார்க்கவில்லை. குழல்தான் துடைத்தாகிவிட்டதே!

சனிக்கிழமை அவருடைய மைத்துனன் டார்ல் க்ரீமர் வந்தான். ரோடாவின் தம்பி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவன், இரவல் வாங்கிய எதையும் அந்தந்தப் பருவத்துக்குள் திருப்பித் தராதவன். தன் துப்பாக்கியை வைஸில் மாட்டித் துடைத்துக்கொண்டிருந்தான். அப்போது வில்லர்டுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. இறுதிச்சடங்கு நிலையத்தை இப்போது நடத்தும் அவருடைய மருமகனுக்கு, இறந்த ஒருவரின் கழுத்துப்பட்டியில் வில்முடிச்சுப் போட வரவில்லை. வில்லர்ட் போய்ப் போட்டுவிட்டுத் திரும்பியபோது, டார்ல் மேசைமேல் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தான். பித்தளைச் சுத்தி தன் வெள்ளை உருவத்தின்மேல் தலைகீழாகத் தொங்கியது.

"என் ரைஃபிள எடுத்தியா?"

"அதப் பாத்தாலே ஷூவைக் கழட்டிட்டுதான் நிக்கணும்போல இருக்கு மச்சான். நான் எங்க தொடறது?"

வில்லர்ட் சுத்தியை நிமிர்த்தி மாட்டினார்.  அதை நினைவில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பிற்பகல், ஹெம்லாக் மரங்களுக்கிடையே, எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் வந்து நின்றது. தொலைவு எழுபது தப்படி இருக்கலாம். பக்கவாட்டில், அசைபோட்டுக்கொண்டு, அளவெடுக்கக் காத்திருப்பதைப் போல நின்றது. வில்லர்ட் மூச்சைப் பிடித்துச் சுட்டார். மானுக்கு மேலே ஒரு முழம் தள்ளி மரப்பட்டை தெறித்தது. மான் அவரைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி சுட்டார். இம்முறை இடப்பக்கத்து மரத்தில் பட்டை தெறித்தது. துக்கம் விசாரித்துவிட்டுச் செல்பவரைப் போல மான் நிதானமாக நடந்து சென்றது. அடுத்த மேட்டில் உட்கார்ந்திருந்த டார்ல் இதை முழுவதும் பார்த்தான். இரண்டு மரங்களுக்கும் இரங்கல் தெரிவித்தான்.

ஒரு சொட்டு இரத்தமும் தரையில் இல்லை என்பது உறுதியானதும் கத்திரி வந்தது. சட்டை சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கம்பளி. ரோடா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. கத்தரித்தவன் டார்ல். கட்டத்தின் கோடே வழிகாட்டியாக இருந்தும், வலது மூலையில் தொடங்கி இடது மூலையில் இரண்டு அங்குலம் மேலே ஏறிப்போனான்.

"கோணலா வெட்டறே," என்றார் வில்லர்ட், சுவரைப் பார்த்து நின்றபடி.

"நீ சுட்ட அளவுக்குக் கோணல் இல்ல மச்சான்."

குடில் சிரித்தது. அப்போதுதான் வில்லர்ட் திரும்பி நின்று அந்தக் குற்றச்சாட்டைச் சொன்னார். உரத்த குரலில் அல்ல. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"என் துப்பாக்கி தப்பு பண்ணாது. சனிக்கிழமை அது என் கண்ணுல படாம கொஞ்ச நேரம் இருந்துச்சு. அப்ப அங்க இருந்தது டார்ல் மட்டும்தான்."

சிரிப்பு நின்றது. டார்லின் கையில் இன்னும் அந்தத் துணித்துண்டு இருந்தது.

"நெசமாவா சொல்றே?"

"சொன்னது சொன்னதுதான்."

மெர்ல் ஸ்டோவர் அடுப்பிலிருந்து காப்பிப் பாத்திரத்தை இறக்கி வைத்தார். இப்படியொரு வழக்குக்கும் குடிலில் வழக்காறு இருந்தது: துப்பாக்கியை இன்னொருவர் கை கெடுத்தது என்று நிரூபணமானால், தவறவிட்டவரின் வால் இறங்கும், கெடுத்தவரின் வால் ஏறும். அத்தோடு கெடுத்தவர் அடுத்த ஆண்டு அந்தக் குடிலில் படுக்க இடம் கேட்க முடியாது. டார்லின் தகப்பன் கட்டிய குடில் அது.

"காலைல பாத்துக்கலாம்ப்பா," என்றார் மெர்ல். "இப்ப சூப்பு ஆறுது."

செவ்வாய்க்கிழமை காலையில் உறைமழை பெய்தது. யாரும் காட்டுக்குள் போகவில்லை. பன்றித் துணுக்கும் சோளமாவும் சேர்த்து வறுத்த ஸ்க்ராப்பிளைத் தின்று முடித்ததும், தட்டுகளை அகற்றி, மேசைமேல் கம்பளியை மடித்து விரித்தார்கள். வில்லர்ட் ரைஃபிளைக் கொண்டுவந்தார். முறைப்படி அதன் பூட்டுக் கட்டையை உருவி, குழலடி அறையில் குண்டில்லை என்று மெர்லிடம் காட்டினார். பிறகு, பயணத்திலும் தம்மோடு வரும் தோல்சுருளைப் பிரித்து, திருப்புளிகளை உயரவாரியாக அடுக்கினார். பின்பக்கம் வாலில்லாத சட்டை அவர் குனியும்போதெல்லாம் மேலேறி, உள்பனியனைக் காட்டியது. அதை இழுத்துவிட்டுக்கொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்," என்றார் மெர்ல். "வேற ஒருத்தன் கை வெச்சான்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?"

வில்லர்ட் இந்தக் கேள்விக்காகத்தான் இரவெல்லாம் காத்திருந்தார்.

"நான் போட்ட திருகு எல்லாமே குழலைப் பாத்து நேரா நிக்கும். ஆறும். அது என் முத்திரை மாதிரி. யாராவது கால் சுத்து சுத்தினாக்கூட கோணிடும். கோணியிருந்தா என் கை இல்ல. நேரா இருந்தா என் கையைத் தவிர வேற கை இல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"சரியான சாட்சிதான்," என்றார் மெர்ல். மற்றவர்களும் தலையசைத்தார்கள். டார்லும் தலையசைத்தான்.

வில்லர்ட் அதுவரை திருகுகளைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவையே அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவு உறுதி. தொலைநோக்கியைச் சுற்றியிருந்த துணியை விலக்கி, விளக்கை இழுத்து வைத்தார். எல்லாத் தலைகளும் குனிந்தன.

ஆறு திருகுகளும், ஒன்றுகூட விலகாமல், குழல் போகும் திசையிலேயே நேர்கோடாகப் படுத்திருந்தன.

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"அழகா இருக்கு," என்றான் டார்ல்.

"நீ..." வில்லர்ட் நிறுத்தித் தொடர்ந்தார். "நீ கழட்டிட்டு, மறுபடி நேரா நிறுத்தியிருப்பே."

"நானா? எனக்கு எம் பட்டனையே நேரா போட வராது மச்சான்!"

எல்லோரும் அவன் சட்டையைப் பார்த்தார்கள். உண்மைதான். ஒரு பொத்தான் தவறிப் போட்டதால் காலர் ஒரு பக்கம் காதைத் தொட்டது. கீழே ஒரு துளை வேலையற்று நின்றது.

மெர்ல் தமது எண்பது வயதுக் கட்டைவிரலை நீட்டி, முதல் திருகின் பள்ளத்தில் நகத்தை வைத்தார். திருப்புளி கேட்கவில்லை. நகத்தைத் திருப்பினார். திருகு, அழைத்தவுடன் வரும் பிள்ளையைப் போலக் கூடவே திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. பிறகு தொலைநோக்கியை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். அது அசைந்தது.

"ஏம்ப்பா வில்லர்ட், இது ஆடுதே."

வில்லர்ட் தாமும் இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார்.

"அக்டோபர்ல இறுக்குனியா?"

"இறுக்கினேன். க்ளிக் கேட்டுச்சு. ஆறு தடவையும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பண்ணல." ஒரு திருகை விரல் நுனியால் தொட்டபடி, "நேராக்கினேன்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது. மேசையைச் சுற்றி நின்ற எட்டுப் பேரும் ஒவ்வொரு நவம்பரும் அவரிடம் துப்பாக்கி கொடுத்து வாங்குபவர்கள். அவர்களில் இருவர், ஒருவரையொருவர் பார்க்காமல், சுவரோரம் சாத்தியிருந்த தங்கள் துப்பாக்கிகளை நோக்கி மெதுவாக நகர்ந்து சென்றதையும், அங்கே நகத்தால் ஏதோ சுரண்டிப் பார்த்ததையும் வில்லர்ட் கண்டார். பிறந்த நாளிலிருந்து எந்தச் சாவு வீட்டிலும் தடுமாறாத அவருடைய முகம் அப்போது தடுமாறியது.

அதை முதலில் கண்டவன் டார்ல்.

"மச்சான்," என்றான். "நான் செத்தா என்னையும் நீதான் பெட்டியில வெப்பே. அன்னிக்கு ஒரு உதவி பண்ணு. என் பெட்டி ஸ்க்ரூவ நேராக்காத. இறுக்கிடு. நான் பாதி வழியில மூடியத் திறந்துட்டு எழுந்திருச்சா ரோடா பயந்துடுவா."

"ரோடாவா பயப்படறவ?" என்றார் மெர்ல். "எழுந்தவன்தான் பயப்படணும்."

அப்போது குடில் சிரித்தது. பாதிரியார் இருமுவதாகப் பாசாங்கு செய்தார்.

வில்லர்ட் சிரிக்கவில்லை. அளவுத் திருப்புளியை எடுத்தார். முதல் திருகில் வைத்து இறுக்கினார். க்ளிக். இரண்டாவது. க்ளிக். ஆறும் முடிந்தபோது ஒன்று கிழக்கையும் ஒன்று தென்மேற்கையும் பார்த்தது. மற்றவை எங்கே பார்த்தன என்று சொல்வது கடினம். தொலைநோக்கியை அசைத்தார். அசையவில்லை. கருவியைத் தோல்சுருளில் செருகினார். கை மறுபடி திருகுகளின் பக்கம் போகப் பார்த்தது. அந்தக் கையை அவர் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பிறகு மேசையைச் சுற்றி வந்து டார்லின் முன் நின்றார். தவறான குற்றச்சாட்டுக்கு என்ன சொல்லவேண்டும் என்பதற்குக் குடிலில் வழக்காறு ஏதும் இல்லை. ஆகவே அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். மைத்துனனின் காலர்ப் பொத்தானை அவிழ்த்தார். அடுத்ததை அவிழ்த்தார். எல்லாவற்றையும் அவிழ்த்து, மேலிருந்து ஒவ்வொன்றாக, அதனதன் துளையில், நிதானமாகப் போட்டார். முப்பதாண்டுகள் பிறருக்குச் சட்டை போட்ட விரல்கள் அவை. கடைசியில் காலரை நிமிர்த்தி, தோளில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"நான் இன்னும் உயிரோடதான் மச்சான் இருக்கேன்," என்றான் டார்ல். "கூசுது."

"அசையாத," என்றார் வில்லர்ட்.

டார்ல் அசையாமல் நின்றான்.

வால் சுவருக்குப் போயிற்று. சட்டத்தில் விலக்கு இல்லை, வில்லர்டும் கேட்கவில்லை. ரோடா அந்தச் சட்டையைக் கண்டதும் ஒரு நிமிடம் சிரித்துவிட்டு, அவருடைய பழைய இரவு உடையிலிருந்து பச்சைப் பிளானல் துணியை வெட்டி, புது வால் தைத்துக் கொடுத்தாள். அடுத்த நவம்பரில் ஊரார் வழக்கம்போலத் துப்பாக்கிகளோடும் பணியாரங்களோடும் நிலவறைப் படியிறங்கி வந்தார்கள். ஒரு சிறிய மாற்றம் மட்டும் உண்டு. வேலை முடிந்த துப்பாக்கியை வாங்கியதும், வாசலிலேயே நின்று, அவர் முன்னிலையில், ஒவ்வொரு திருகிலும் கட்டைவிரல் நகத்தை வைத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். வில்லர்ட் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, மரியாதையோடு காத்து நிற்கிறார். இதுவரை ஒன்றும் திரும்பவில்லை.

ஆதலால், கத்தரித்ததைப் பற்றிய முறையீடு இத்துடன் திரும்பப் பெறப்படுகிறது. கோணலைப் பற்றிய முறையீடு அப்படியே நிற்கிறது. வெட்டும்போதே கோணலான அந்த வாலை, டார்ல் ஒற்றை ஆணியில், அதுவும் அரைகுறையாக அடித்த ஆணியில், மேலும் கோணலாகத் தொங்கவிட்டான். குடிலுக்குப் போகும்போதெல்லாம் வில்லர்ட் அதை நேராக்குகிறார். காப்பி ஊற்றிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் அது பழையபடி சரிந்திருக்கிறது. யார் செய்கிறார்கள் என்று கேட்டால் எட்டுப் பேரும் ஓநாயோடைக் காற்றைச் சொல்கிறார்கள். ஜன்னல்களோ மூடியிருக்கின்றன. இன்னொரு முறை யார்மீதும் குற்றம் சாட்ட வில்லர்ட் விரும்பவில்லை.

எனவே இதைப் படிக்கும் நீங்கள்தான் இதைச் செய்யவேண்டும். அந்தப் பக்கம் போக நேர்ந்தால், குடிலின் கதவு பூட்டியிராது. தள்ளித் திறந்து உள்ளே போங்கள். வடக்குச் சுவரில், பாதிரியாரின் வாலுக்கு வலப்புறம், சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட துண்டு. அதன் கோடு தரைக்கு இணையாக நிற்கும்படி நேராக்கிவிட்டு வாருங்கள். ஆனால் துணியைத் தொடுவதற்கு முன்பு, அடுப்பின் பக்கத்தில் கிடக்கும் சுத்தியை எடுத்து, முதலில் அந்த ஆணியை இறுக அடியுங்கள்.